கசிந்துபோன ஐந்து சொற்கள்

முப்பத்திரண்டு வருடம் தேர்வு அறைகளில் பிட் பிடித்த மனிதர், அறுபத்தொன்பதாவது வயதில் தானே பிட் அடிக்கத் தொடங்கினார் என்றால் யார் நம்புவார்கள்? முதலில் அவரே நம்பவில்லை.

வேலையில் இருந்த காலத்தில் அவருக்குப் பறக்கும்படை என்று பெயர். படையில் இருந்தது என்னவோ அவரும் ஒரு பழைய ஜீப்பும்தான். ஆனால் அவர் வாசலில் கால் வைத்தாலே அறையில் பாதிப் பேர் சட்டைப் பையைத் தடவிப் பார்ப்பார்கள். சாக்ஸுக்குள், ஸ்கேலுக்குப் பின்னால், தண்ணீர் பாட்டிலின் லேபிளுக்கு உள்பக்கம் என்று எங்கே ஒளித்து வைத்தாலும் மனிதர் மோப்பம் பிடித்துவிடுவார். பக்கத்துத் தாளை எட்டிப் பார்க்கும் ஜோடி யாராவது கண்ணில் பட்டால் அவர் வாயிலிருந்து வருவது ஒரே உத்தரவுதான்: "இவங்க ரெண்டு பேரையும் பிரிச்சு உட்கார வைங்க."

அவரிடம் ஒரு கதை உண்டு. கல்யாண வீடு, துக்க வீடு என்று பேதம் பார்க்காமல் சொல்லுவார். ஒருமுறை கேள்வித்தாளில் கடைசிப் பக்கம் அச்சாகாமல் வந்துவிட்டது. வேறு தாள் வருவதற்குள் ஒருவன் அந்தப் பக்கத்தில் இருந்திருக்க வேண்டிய பத்தொன்பதாவது கேள்விக்கு அழகாகப் பதில் எழுதி அடிக்கோடும் போட்டு வைத்திருந்தான். "கேட்காத கேள்விக்குப் பதில் சொல்றான்னா என்ன அர்த்தம்? தாளை முன்னாடியே பார்த்துட்டான்னு அர்த்தம்!" என்று தொடையில் தட்டி முடிப்பார். அவருடைய மனைவி இந்தக் கதையை இருநூறு தடவையாவது கேட்டிருப்பார். நடுவில் அவர் தடுமாறினால் எடுத்துக் கொடுக்கிற அளவுக்கு அந்தம்மாவுக்கு அது மனப்பாடம்.

போன வருடம் ஒரு நாள் காலை, சட்டைப் பொத்தானைப் போடப் போன அவருடைய வலது கை அரை மணி நேரம் வேலைநிறுத்தம் செய்தது. பிறகு தானாகவே வேலைக்குத் திரும்பிவிட்டது. ஆனாலும் மனைவி விடவில்லை. ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனார். ஸ்கேன் எடுத்தார்கள். டாக்டர் திரையைத் திருப்பிக் காட்டினார். சாம்பல் நிறத்தில் ஒரு மூளை, அதில் சுண்ணாம்பு தெறித்ததுபோல் அங்கங்கே வெள்ளைத் திட்டுகள்.

"மூளைக்குள்ள ரொம்பச் சின்ன ரத்தக்குழாய்கள் இருக்கு. பல வருஷமா பிரஷர் அதிகமா இருந்ததால கொஞ்சம் கொஞ்சமா அடைச்சிருக்கு. ரத்தம் சரியாப் போகாத இடம்தான் இப்படி வெள்ளையாத் தெரியுது. மொத்தம் பதினொரு திட்டு. இது கூடிட்டே போனா ஞாபகம், யோசனை எல்லாம் மெதுவாகும்" என்றார் டாக்டர். இப்படிப்பட்டவர்களை வைத்து அவர் ஓர் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தார். ஆறு மாதத்துக்கு ஒரு ஸ்கேன், மூன்று மாதத்துக்கு ஒரு ஞாபகப் பரிசோதனை. பரிசோதனைக்கு முப்பது மதிப்பெண். முதல் தடவை பறக்கும்படை எடுத்தது இருபத்தைந்து.

அன்று சாயங்காலமே மகன் ஃபோனில் வந்தான்.

"அப்பா, நான் டாக்டர்கிட்ட பேசிட்டேன். இருபத்திநாலுக்குக் கீழ போச்சுன்னா உங்களை அங்க விட்டு வைக்க முடியாது. நீங்க என்கிட்ட வந்துடுங்க. அம்மா, என் தங்கச்சி வீட்ல இருக்கட்டும். ரெண்டு பேரையும் சேர்த்து வெச்சுக்க அவ வீட்லயும் இடம் இல்ல, என் வீட்லயும் இடம் இல்ல."

மகன் வீட்டுக்கும் மகள் வீட்டுக்கும் நடுவே எட்டு மணி நேரப் பயணம். நாற்பத்து மூன்று வருடத்தில் பறக்கும்படையும் மனைவியும் சண்டை போடாத நாள் கிடையாது. மின்விசிறியை எந்த வேகத்தில் வைப்பது என்பதில் தொடங்கி, யார் முதலில் செய்தித்தாளைப் பிரிப்பது என்பது வரைக்கும் எல்லாவற்றுக்கும் சண்டை. அப்படிச் சண்டை போட ஆள் இல்லாத வீட்டில் காலையில் எழுந்து என்ன செய்வது என்று நினைத்தார். பயந்துபோனார். வெளியே காட்டிக்கொள்ளவில்லை, அவ்வளவுதான்.

இரண்டாவது பரிசோதனை ஒரு புதன்கிழமை வந்தது. ஆராய்ச்சியில் இருந்தவர்களுக்கெல்லாம் அதே புதன்தான். பரிசோதனை அறைக்கு எதிரே நடைபாதையில் ஒரு நீளமான பெஞ்சு. பறக்கும்படைக்குப் பக்கத்தில் ஒரு தையற்காரர் உட்கார்ந்து கண்ணை மூடி, "கத்தரி... கத்தரி... கத்தரி..." என்று முணுமுணுத்துக்கொண்டிருந்தார்.

"என்ன ஸார், கடை ஞாபகமா?"

"இல்ல ஸார். உள்ள ஒரு பொண்ணு அஞ்சு வார்த்தை சொல்லி, அஞ்சு நிமிஷம் கழிச்சுத் திருப்பிக் கேட்குதில்ல? எப்பவும் அதே அஞ்சுதான். அதுல எனக்கு இது ஒண்ணுதான் நிக்குது."

பறக்கும்படை திடுக்கிட்டார். அதே கேள்வித்தாளா? ஒவ்வொரு தடவையுமா? இவ்வளவு படித்தவர்கள் நடத்தும் தேர்வில் இவ்வளவு பெரிய ஓட்டையா? அவருக்கு ரத்தம் கொதித்தது. சரியாக மூன்று நிமிடம் கொதித்தது. நான்காவது நிமிடம் அவர் சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்து, "மத்த நாலும் யாருக்குத் தெரியும்?" என்று பெஞ்சு முழுக்கக் கேட்டார்.

விளக்கு, கத்தரி, மழை, நாற்காலி, நீலம். பெஞ்சுக்காரர்கள் ஆளுக்கொன்றாக நினைவுகூர்ந்ததில் ஐந்தும் தேறிவிட்டன. அவற்றைப் பொடி எழுத்தில் ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதி, முப்பத்திரண்டு வருட அனுபவத்தையெல்லாம் திரட்டி, யாராலும் கண்டுபிடிக்க முடியாத இடத்தில் ஒளித்தார். கஷ்டம் என்னவென்றால் உள்ளே போன பிறகு அவராலும் கண்டுபிடிக்க முடியவில்லை. காதைச் சொறிவதுபோல, முழங்காலைத் தடவுவதுபோலத் தன்னைத்தானே சோதனை போட்டுப் பார்த்தார். எங்கே வைத்தோம் என்பது அடியோடு மறந்துவிட்டது. அன்று மதிப்பெண் இருபத்துநாலு. மயிரிழையில் தப்பினார்.

அந்தத் துண்டுக் காகிதம் இரண்டு நாள் கழித்து, துவைக்கப் போன சட்டையின் காலர் மடிப்பிலிருந்து மனைவியின் கைக்குக் கிடைத்தது. அந்தம்மா படித்துப் பார்த்தார். மடித்து அலமாரியில் வைத்தார். "என்னங்க இது?" என்று கேட்கவில்லை. எதையும் கேட்காமல் விடும் பெண்மணி அல்ல அவர் என்பதைப் பறக்கும்படை கவனித்திருக்க வேண்டும். அவருக்குத்தான் காகிதம் எழுதியதே ஞாபகம் இல்லையே.

ஆனால் பிட் அடிப்பது அவருக்கு ஒத்துவராது என்பது மட்டும் நன்றாக நினைவில் நின்றது. மூன்று மாதம் கழித்து, அடுத்த பரிசோதனைக்கு அவர் ஒரு புதுத் திட்டத்தோடு வந்தார். பரிசோதனை அறையின் கதவில் நெஞ்சு உயரத்துக்கு ஒரு கண்ணாடி உண்டு. உள்ளே நாற்காலியில் உட்கார்ந்தால் அந்தக் கண்ணாடி வழியாக நடைபாதையின் ஒரு பகுதி தெரியும். பெஞ்சை இரண்டு அடி இடது பக்கம் நகர்த்திவிட்டால், அதில் இருப்பவர்களின் முகம் ஐந்தும் வரிசையாகத் தெரியும். நகர்த்தினார். பிறகு ஆட்களை இடம் பிரித்து உட்கார வைத்தார். முதலில் எலக்ட்ரீஷியன், அவர்தான் விளக்கு. அடுத்தது தையற்காரர், கத்தரி. மழையென்றும் பாராமல் முப்பது வருடம் கடிதம் சுமந்த தபால்காரம்மா மழை. முடிதிருத்துபவர் நாற்காலி. கடைசியில் வெள்ளைத் துணிக்கு நீலம் போட்டே வாழ்ந்த லாண்டரிக்காரர்.

"யாரும் எதையும் ஞாபகம் வெச்சுக்க வேண்டாம். அவங்கவங்க அவங்கவங்களா இருந்தாப் போதும்" என்று உத்தரவிட்டார். யாராவது உள்ளே போனால் காலியான இடத்தில் பறக்கும்படை போய் உட்கார்ந்து, அந்த ஆளின் சாமானைக் கையில் வைத்துக்கொள்வார். தபால்காரம்மாவுக்குப் பதிலாகக் குடை பிடித்துக்கொண்டு கூரைக்கு அடியில் அவர் உட்கார்ந்திருந்ததை வார்டு நர்ஸ் இரண்டு தடவை வந்து பார்த்துவிட்டுப் போனார்.

மதிப்பெண் எகிறியது. பறக்கும்படைக்கு இருபத்தெட்டு, தையற்காரருக்கு இருபத்தேழு. வெளியே வந்து ஆளுக்கு ஆள் கை குலுக்கிக்கொண்டார்கள். மகன் ஃபோனில், "பரவாயில்லையேப்பா!" என்றான். அதற்கடுத்த தடவை இருபத்தொன்பது.

ஸ்கேனில் மட்டும் இந்த ஜம்பமெல்லாம் சாயவில்லை. குழாய்க்குள் தலையை விட்டுப் படுத்ததும், "ஆடாம அசையாம இருங்க" என்று டெக்னீஷியனின் குரல் வரும். பிறகு யாரோ தகரத்தை அடிப்பதுபோல் இருபது நிமிடம் சத்தம். பக்கத்தில் ஆள் கிடையாது, கண்ணாடி கிடையாது, மடிப்பு வைத்த சட்டையைக் கூடக் கழற்றி வாங்கிவிடுகிறார்கள். இப்படி ஒரு கண்காணிப்பாளர் தன் காலத்தில் இருந்திருந்தால் தனக்கு வேலையே இருந்திருக்காது என்று அவர் மரியாதையோடு நினைத்துக்கொண்டார். திட்டு பதினான்கு ஆகியிருந்தது.

டாக்டருக்கோ தலைகால் புரியவில்லை. ஆறு பேருக்கும் ஸ்கேனில் திட்டு கூடுகிறது, பரிசோதனையில் மதிப்பெண்ணும் கூடுகிறது! இரண்டு கோடும் கைகோத்துக்கொண்டு மேலே ஏறும் ஒரு வரைபடம் போட்டு அறைச் சுவரில் ஒட்டிவிட்டார்.

"ஐயா, உங்க மூளையில ஏதோ சேமிப்பு இருக்கு. ஒரு வழி அடைச்சா இன்னொரு வழி கண்டுபிடிக்குது. அடுத்து வர்ற மாநாட்டுல இதைத்தான் பேசப்போறேன். இந்த மாதிரித் திட்டு இருக்கேன்னு யாரும் ரொம்பக் கவலைப்பட வேண்டாம்னு சொல்லப்போறேன்."

பறக்கும்படைக்குச் சுருக்கென்றது. முதல் நாள்தான் அவர் காரில் வீட்டுக்கு வரும்போது சொந்தத் தெருவைத் தாண்டிப் போய், திரும்பி வந்து, மறுபடியும் தாண்டிப் போயிருந்தார். மூன்றாவது சுற்றில் மனைவி ஜன்னலைப் பார்த்தபடியே, "இடது பக்கம்" என்று மட்டும் சொன்னார். இதைக் கேட்டால் இந்த டாக்டர் என்ன ஆவார்? சொல்லிவிடலாமா என்று ஒரு கணம் வாயைத் திறந்தார். இருபத்துநாலு என்ற எண்ணும் எட்டு மணி நேரப் பயணமும் ஞாபகம் வந்தன. வாயை மூடிக்கொண்டார்.

ஐந்தாவது பரிசோதனை அன்று பெஞ்சில் எல்லாரும் அவரவர் இடத்தில் ஆஜர். பறக்கும்படையின் முறை வந்தது. பரிசோதனை நடத்துபவர் முப்பது வயதுப் பெண், பெஞ்சுக்காரர்களுக்கு அவர் 'கேள்வி மேடம்'. எப்போதும்போல் வணக்கம் சொன்னார், எப்போதும்போல் கடிகாரம் வரையச் சொன்னார், நூறிலிருந்து ஏழு ஏழாகக் குறைக்கச் சொன்னார். பறக்கும்படை மளமளவென்று குறைத்தார். படத்தில் இருக்கும் மிருகங்களுக்குப் பெயர் சொன்னார்.

"சரிங்க ஐயா. முதல்ல ஞாபகம் வெச்சுக்கச் சொன்னேனே, அந்த அஞ்சு வார்த்தையைச் சொல்லுங்க."

பறக்கும்படை நிதானமாகக் கண்ணாடி பக்கம் பார்வையை ஓட்டினார். இடமிருந்து வலம்.

"விளக்கு. கத்தரி. மழை. நாற்காலி. நீலம்."

கேள்வி மேடம் பேனாவை மேஜைமேல் வைத்தார்.

"ஐயா, இன்னைக்கு நான் எந்த வார்த்தையும் சொல்லவே இல்லையே."

பறக்கும்படை கண்ணாடியிலிருந்து பார்வையைத் திருப்பினார். சொல்லவில்லையா? யோசித்துப் பார்த்தார். உள்ளே வந்தது ஞாபகம் இருந்தது, கடிகாரம் வரைந்தது ஞாபகம் இருந்தது. சொன்னாளா, இல்லையா? எவ்வளவு முயன்றும் அந்த இடம் வெறுமையாகவே இருந்தது. சொல்லியிருப்பாள், தனக்குத்தான் மறந்திருக்கும் என்று அவர் பாட்டுக்கு நம்பிவிட்டார். மறதி இல்லாத எவனும் இந்தப் பொறியில் விழுந்திருக்க மாட்டான்.

அப்புறம்தான் அவருக்கு இன்னொன்று உறைத்தது. கேட்காத கேள்விக்குப் பதில்! இது தன்னுடைய வித்தையாயிற்றே!

"இதை உங்களுக்கு யார் சொல்லிக் கொடுத்தது?" என்றார்.

பக்கத்து அறைக் கதவு திறந்தது. கைப்பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு மனைவி நின்றுகொண்டிருந்தார். கையில் பொடி எழுத்துத் துண்டுக் காகிதம்.

"நீயா? கட்டின புருஷனைக் காட்டிக் கொடுத்துட்டியா?" என்றார் பறக்கும்படை. "உனக்கே தெரியுமே! இருபத்திநாலுக்குக் கீழ போனா நம்மளைப் பிரிச்சிடுவாங்கம்மா. அதுக்குத்தானே இவ்வளவும் பண்ணேன். எனக்குப் பயமா இருக்கு."

அவர் பயம் என்ற சொல்லை வாய்விட்டுச் சொல்லி அந்தம்மா கேட்டதே இல்லை. பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"எனக்கும்தாங்க பயம். அடுப்பை யார் அணைச்சாங்கன்னு நான் தினம் நாலு தடவை எழுந்து போய்ப் பார்க்கறேன். கார்ல ஒவ்வொரு திருப்பத்துக்கும் உங்க முகத்தைப் பார்த்துட்டே வர்றேன். நீங்க இருபத்தொன்பது வாங்கிட்டு வந்து காலரைத் தூக்கி விட்டா நான் என்ன செய்ய? உங்க நிஜ மார்க் தெரிஞ்சாத்தானே நான் எவ்வளவு பிடிச்சுக்கணும்னு எனக்குத் தெரியும்?"

பறக்கும்படை மூக்கை உறிஞ்சிக்கொண்டு, கேள்வி மேடத்திடம், "புதுத் தாள் எடுங்கம்மா. அந்தக் கண்ணாடியில ஒரு துணியையும் போடுங்க. எதிர்ல உட்கார்ந்திருக்கிறதெல்லாம் திருட்டுக் கும்பல்" என்றார்.

நியாயமாக எழுதினார். கணக்கு சுத்தமாக வந்தது. புதிய ஐந்து சொற்களில் ஒன்றுகூட வரவில்லை. முப்பதுக்கு இருபத்தொன்று. எண்ணைக் கேட்டதும் மனைவி கைப்பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். பிறகு நிமிர்ந்தார்.

"இப்ப எங்க ரெண்டு பேரையும் சேர்த்து வெச்சுக் கேளும்மா."

"அப்படிக் கேட்க வழி இல்லைங்கம்மா. இது ஒருத்தர் தனியா எழுத வேண்டியது."

"அவர் வீட்ல தனியாவா இருக்கார்?"

கேள்வி மேடம் மூன்றாவது தாளை எடுத்தார்.

ஐந்து சொற்களையும் அந்தம்மா பிடித்துக்கொண்டார். ஏழு ஏழாகக் குறைப்பது அவர் பொறுப்பு. ஒரு நிமிடத்தில் எத்தனை காய்கறி சொல்ல முடியும் என்றதற்கு, "நான் சொன்னதையே சொல்லாதீங்க" என்று ஒருவரை ஒருவர் முறைத்தபடி இருபத்தாறு சொன்னார்கள். கடிகாரத்தில்தான் வினை வந்தது. முள் எந்தப் பக்கம் என்று சண்டை பிடித்து, அவர் ஒன்று வரைய, அந்தம்மா அடித்துவிட்டு வேறொன்று வரைய, கடைசியில் அந்தக் கடிகாரத்துக்கு மூன்று முள். இன்றைக்கு என்ன தேதி என்றதற்கு அவர் அந்தம்மாவைப் பார்த்தார், அந்தம்மா அவரைப் பார்த்தார். அவருக்குத் தெரியும் என்று இவரும், இவருக்குத் தெரியும் என்று அவரும் இருந்துவிட்டார்கள். இரண்டு மதிப்பெண் போயிற்று. முப்பதுக்கு இருபத்தெட்டு.

இதற்குள் விஷயம் கேள்விப்பட்டு டாக்டர் ஓடி வந்தார். பெஞ்சை நகர்த்தியது, ஆளுக்கொரு சொல், குடை எல்லாம் வெட்ட வெளிச்சமாயிற்று. தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். "என் வரைபடம்! அடுத்த வாரம் மாநாடு!" என்று இரண்டு தடவை சொன்னார். மூன்றாவது தடவை சொல்லப் போனவர் நிறுத்தி, எழுந்து போய், நாற்காலியில் உட்கார்ந்து கண்ணாடி வழியாகப் பார்த்தார்.

"திட்டு கூடினா திட்டமிடற திறமைதான் முதல்ல போகும்னு எழுதி வெச்சிருந்தேன். இவர் கோணம் பார்த்து பெஞ்சை நகர்த்தியிருக்காரே!" என்றார். கோபப்படுவதா சிரிப்பதா என்று அவருக்குத் தெரியவில்லை. மாநாட்டுக்குப் போகவில்லை என்று சொல்லிவிட்டு, பறக்கும்படையிடம் கார் சாவியைக் கேட்டு வாங்கி மனைவியின் கையில் கொடுத்தார். அதில் மட்டும் சமரசம் கிடையாது என்றார்.

வெளியே பெஞ்சுக்காரர்கள் எழுந்து நின்றார்கள். "எவ்வளவு ஸார்?" என்றார் தையற்காரர்.

"இருபத்தொண்ணு. நம்ம குட்டு உடைஞ்சாச்சு. எல்லாருக்கும் மறு தேர்வு."

"ஐயையோ! அப்ப நாங்க என்ன பண்றது?"

"வீட்ல இருந்து ஒருத்தரைக் கூட்டிட்டு வாங்க" என்றார் பறக்கும்படை.

உள்ளே கேள்வி மேடம் மகனுக்கு அனுப்ப வேண்டிய அறிக்கையைத் தட்டிக்கொண்டிருந்தார். திட்டு பதினான்கு. தனியாக இருபத்தொன்று. மனைவியுடன் இருபத்தெட்டு. அதற்குக் கீழே பரிந்துரை என்று போட்டு நிறுத்தினார். வீட்டிலேயே இருக்கலாம் என்பதை மகன் மறுத்துப் பேச முடியாதபடி எப்படி எழுதுவது என்று டாக்டரைக் கேட்டார். டாக்டர் இரண்டு வாக்கியம் சொன்னார். இரண்டும் வழவழவென்று இருந்தன.

"நகருங்க" என்றார் பறக்கும்படை. முப்பத்திரண்டு வருடம் அறிக்கை எழுதிய மனிதர். மனைவியின் பக்கத்து நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, தொண்டையைச் செருமிக்கொண்டு சொன்னார்:

"எழுதிக்கோங்கம்மா. இவங்க ரெண்டு பேரையும் பிரிச்சு உட்கார வைக்கக் கூடாது."